கார் செய்யும் ஊரில் பழைய சொகுசுக் கார்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம் சந்திப்பு. ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே நின்றால் கம்பெனி பஸ்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு பழைய பி.எம்.டபிள்யூ த்ரீ சீரிஸ் ஊர்ந்து வரும். வயது பன்னிரண்டோ பதினைந்தோ இருக்கும். முன்விளக்கு மஞ்சள் பூத்திருக்கும். ஓட்டுகிறவர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும். புதிதாக வாங்கியவர் யாரோ ஒரு முதலாளி. இப்போது அது லைன் சூப்பர்வைசரின் வண்டி.

“புது ஸ்விஃப்ட் வாங்குற காசுக்கு பென்ஸ் வருதாமே, வாங்கலாமாண்ணே?” இந்த வட்டாரத்து டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று ஒருவர் மடக்குவார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று இன்னொருவர் கேட்பார். நான் இருவர் பக்கமும் மாறி மாறி நின்றவன். பழைய வண்டிகளைப் பார்க்கப் போகும் நண்பர்களுக்குத் துணையாகப் போய், வாங்க வைத்ததும் உண்டு, கையைப் பிடித்து இழுத்து வந்ததும் உண்டு. இத்தனைக்கும் பிறகு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இந்த வண்டிகளில் இறங்குவது விற்கும் விலை மட்டும். நாற்பத்தைந்து லட்ச ரூபாய் கார் ஏழு லட்சத்துக்குக் கிடைத்தாலும், அதற்கு மாட்ட வேண்டிய லோயர் ஆர்ம் நாற்பத்தைந்து லட்ச ரூபாய் காரின் லோயர் ஆர்ம்தான்.

சொகுசுக் காருக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு ஹூண்டாய்க்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் முந்தியது. பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. பாடி பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. அம்பாசடரையும் பியட்டையும் பார்த்துச் சலித்த கண்களுக்கு அது வேற்றுலக வடிவம். இன்ஜின் மட்டும் வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் பழசு. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கட்டி, தாத்தாவின் முழங்காலைப் பொருத்திய கதை. வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை. 1988-ல் ஆலை மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, கிடங்கில் பிரிக்காமலே கிடந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டது ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டன் நிறுவனம். அங்கே பழைய ரோவரைப் பேணுகிறவர்கள் இருந்தார்கள். பெருங்களத்தூரில் செய்த கதவும் விளக்கும் இங்கிலாந்தில் யாரோ ஒருவரின் காருக்கு உயிர் கொடுத்தன. ஒரு கார் எத்தனை வயது வாழும் என்பதை அதன் பாகம் எங்கே கிடைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அது எங்கே செய்யப்பட்டது என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை.

அந்தக் காலத்தில் அசல் வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால், தூதரகங்கள் கழித்த வண்டிகளை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் எடுப்பது ஒரு வழி. 1995-ல் மெர்சிடிஸ் பென்ஸ் புனேயில் இ-கிளாஸைப் பூட்டத் தொடங்கியபோது கதவு திறந்தது. இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாய், 2001-ல் சொனாட்டாவைச் சாலையில் இறக்கியது. அதே ஆண்டு ஃபோர்டு மாண்டியோவும் வந்தது. சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டி மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை 2007 மார்ச் 29 அன்று திறக்கப்பட்டது. முதலில் த்ரீ சீரிஸ், பிறகு ஃபைவ் சீரிஸ் என்று ஒவ்வொன்றாக வரிசையில் சேர்ந்தன. 2015-ல் சச்சின் டெண்டுல்கரே அங்கு வந்து ஒரு காரைப் பூட்டிக் காட்டினார். அந்த ஆண்டுதான் உள்நாட்டுப் பாகங்களின் பங்கை ஐம்பது சதவீதம் வரை உயர்த்துவதாக நிறுவனம் சொன்னது. அப்போது இன்ஜின் பூட்டியது ஃபோர்ஸ் மோட்டார்ஸ், ஆக்ஸில் இசட்.எஃப். ஹீரோ, கதவுப் பேனலும் வயரிங்கும் டிரெக்ஸ்ல்மயர், சைலன்சர் டெனெகோ, ஏ.சி.யும் கூலிங்கும் வேலியோவும் மாலே பெஹ்ரும், சீட் லியர்.

அப்படியானால் பாகம் இங்கே மலிவாகக் கிடைக்க வேண்டுமே என்று தோன்றும். கிடைக்காது. ஆலைக்குப் போகிற சரக்கு ஆலைக்கே போகிறது. சில்லறையாக கேட்டைத் தாண்டி வெளியே வருவதில்லை, வந்தால் அது திருட்டு. காரின் சீட்டைத் தைத்தவர் அதே காரைப் பழசாக வாங்கினாலும், சீட் மோட்டாருக்கு மற்றவர்களைப் போலத்தான் அலைய வேண்டும்.

விலை ஏன் இப்படிச் சரிகிறது? முதல் ஓனர் பெரும்பாலும் கம்பெனி பெயரில் வாங்கியிருப்பார். வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதி, நாலைந்து வருடத்தில் மனத்தளவில் கழித்தும் விடுவார். வாரண்டி முடிந்தால் இரண்டாவது ஓனர். பத்து வயதை நெருங்கினால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். கடன் கிடைக்காத பொருளை ரொக்கம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும், அவரோ பேரம் பேசுவார். வடக்கிலிருந்து வரும் வரத்தையும் இதில் சேர்க்க வேண்டும். டெல்லி வட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டியும் பதினைந்து தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று அதே நீதிமன்றம் இடைக்காலமாகச் சொல்லும் வரை, அங்கே ஒன்பதாவது வயதில் எல்லா டீசல் செடானும் விற்பனைக்கு நின்றன. என்.ஓ.சி. வாங்கி லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்புவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

டெல்லி வண்டியில் பார்க்க வேண்டியது காகிதம். தமிழ்நாட்டுக்கு மாற்றினால் இங்கே ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும். வயதுக்கேற்ப விகிதம் குறையும் என்றாலும், அந்தச் சதவீதம் புதிதாக வாங்கியபோது இருந்த விலை மீது விழுகிறது. நீங்கள் கொடுத்த ஆறு லட்சத்துக்கு அங்கே மதிப்பில்லை. புதுச்சேரியின் பி.ஒய். நம்பர் சொகுசுக் கார்களுக்கும் இதே கதைதான். வரி குறைவு என்று அங்கே பதிவு செய்து வேறு மாநிலத்தில் ஓட்டிய விவகாரம் 2017-ல் கேரளத்தில் பெரிதாக வெடித்தது நினைவிருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் டி.என். 87, காஞ்சிபுரம் 21, செங்கல்பட்டு 19. பக்கத்து நம்பர் வண்டி கொஞ்சம் விலை கூடினாலும் மொத்தக் கணக்கில் பெரும்பாலும் மலிவு.

பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை உண்டா, இன்சூரன்ஸ் எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்பது தெரிந்துவிடும். கடன் அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நீக்கப்படாமல் இருக்கும், படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து உங்கள் கண் முன்னே விழட்டும். பதினைந்து ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வயது தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். முழுதாக இறக்குமதியான காருக்கு இந்த இரண்டும் 40,000, 80,000. வேர்ல்ட் சிட்டியில் பூட்டிய வண்டியா, ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த வண்டியா என்பது தலைக்கு ஏறிய பெருமைக்கான கேள்வி மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வட்டாரத்தில் காகிதத்தைவிட நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு. 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்களைக் கூரை வரை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி அதையே செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளிய வண்டிகளில் பல கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, வேறு ஊர் சுற்றி, சந்தைக்குத் திரும்பின. மாருதி 800 மூழ்கினால் காயவைத்து ஆயில் மாற்றினால் ஓடிவிடும். சொகுசு செடானின் சங்கதி வேறு. அதன் கணினிப் பெட்டிகளில் பல, கால் வைக்கும் இடத்திலும் டிக்கியின் அடியிலும் உட்கார்ந்திருக்கின்றன. சேற்றுத் தண்ணீர் பட்ட கனெக்டர் அன்றைக்கு ஒன்றும் செய்யாது. பச்சைக் களிம்பு பூத்து, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஜன்னல் இறங்காது, அடுத்த நாள் கியர் மாறாது, மூன்றாம் நாள் எல்லாம் சரியாக இருக்கும். மெக்கானிக்கைப் பைத்தியமாக்கும் நோய் இது.

கண்டுபிடிக்கச் செலவில்லாத வழிகள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் அதைக் கடைசி வரை கழுவுவதில்லை, உள்முனையில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத் திருகுகளில் துருவைப் பாருங்கள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிக் கையை விட்டுத் தடவுங்கள். நல்ல வெயிலில் கண்ணாடிகளை மூடி அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூக்கை நீட்டுங்கள். வெள்ளத்துக்கே போகாத வண்டியிலும் இதே நோய் வரலாம். புங்க மரத்தடியில் நிறுத்தி வைத்த காரில் சன்ரூஃப் வடிகால் குழாய் பூவும் இலையும் அடைத்துக்கொள்ள, மழைத் தண்ணீர் தூண் வழியாக இறங்கி டிக்கியில் தேங்கும். சன்ரூஃபுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒரு குவளைத் தண்ணீரை அதன் ஓரத்தில் ஊற்றி, அடியில் சக்கரத்தருகே வடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

கண்ணாடியும் பேசும். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரையும் நெருங்கிய ஆண்டுக் குறியும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி ஆலையில் வேலை பார்க்கிற யாரிடம் காட்டினாலும் அந்தக் குறியைப் படித்துவிடுவார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டயர் பளபளக்கிறதே என்று ஏமாற வேண்டாம், ஆறு வயது தாண்டிய ரப்பர் அது. கிலோமீட்டரைப் பொறுத்தவரை, புரோக்கர் குறைப்பது மீட்டரில் தெரியும் எண்ணை. பல ஜெர்மன் கார்களில் அதே எண் வேறு கணினிப் பெட்டிகளிலும், சிலவற்றில் சாவியிலும்கூடப் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டால் இரண்டு எண்களும் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம்.

இனி நோய்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பரம்பரை வியாதி இருப்பதைப் போல ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்று உண்டு. 2007 முதல் 2011 வரை வந்த பி.எம்.டபிள்யூ 320டி, 520டி வண்டிகளின் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் தேயும். அதைப் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு செயினுக்காக இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்னாலிருந்து கரகரப்பு கேட்டால் கும்பிடு போட்டுத் திரும்பிவிடுங்கள். பெட்ரோல் என்52-வில் மின்சார வாட்டர் பம்ப்பும் ஆயில் கசிவும். மெர்சிடிஸின் பழைய இ-கிளாஸ் டபிள்யூ211-ல் 2006 வரை எஸ்.பி.சி. என்ற மின் பிரேக். அந்தப் பம்ப் எத்தனை தடவை பிரேக் மிதித்தோம் என்று எண்ணி வைத்துக்கொண்டு, கணக்கு முடிந்ததும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கைக் காட்டும். 200 கம்ப்ரஸர் வண்டிகளில் செயினும் கேம் அட்ஜஸ்டரும். ஆடியின் 1.8 டி.எஃப்.எஸ்.ஐ. ஆயில் குடிக்கும், மல்ட்டிட்ரானிக் கியர்பாக்ஸ் தனிக் கவலை. (பழைய ஆடிக்கு வருடம் முழுக்க ஆடித் தள்ளுபடி என்று புரோக்கர்கள் சிரிப்பதன் காரணம் இதுதான்.) ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி.யில் மெக்கட்ரானிக் என்ற பெட்டி.

இவை போக எல்லோருக்கும் பொதுவான முதுமை ஒன்று உண்டு: பிளாஸ்டிக். ரேடியேட்டர் தொட்டி, கூலன்ட் பைப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் எல்லாம் பிளாஸ்டிக். பத்து வருடச் சென்னை வெயிலும் பானட்டுக்குள் அடைந்த சூடும் சேர்ந்து அதை அப்பளமாக்கிவிடும். சுங்குவார்சத்திரம் டிராஃபிக்கில் நிற்கும்போது டப்பென்று உடையும். டிரைவர் கவனிக்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். ஐந்தாயிரம் ரூபாய்க் குழாய் இரண்டு லட்ச ரூபாய் இன்ஜின் வேலையாவது இப்படித்தான். கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுக்கப் போதும் என்று கார்க் கம்பெனி சொல்லும். அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய வாழ்நாள் என்று கம்பெனி சொல்லவில்லை. புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதை நினைத்துச் செய்யாத பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் சோதித்து மாற்றுவது நல்லது.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் செய்வது புது அலாய், பெரிய திரை, கறுப்பு ஸ்டிக்கர். நான் சொல்லும் வரிசை நேரெதிர். முதலில் திரவங்கள்: இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட். பிறகு பிளாஸ்டிக்கும் ரப்பரும்: கூலிங் முழுக்க, பெல்ட், புஷ். பிறகு பிரேக், டயர். பி.எம்.டபிள்யூ என்றால் ரன்ஃபிளாட் டயரைக் கழற்றிச் சாதா டயர் போட்டால் நம் சாலையில் இடுப்பு பிழைக்கும். ஸ்டெப்னிக்கு இடமில்லை என்பதால் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் மோட்டாரும் டிக்கியில் இருக்கட்டும். பேட்டரி மாற்றினால் அதைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும், சும்மா மாட்டினால் புதுசும் சீக்கிரம் சாகும். பெயின்ட் கடைசி. வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கு ஒதுக்க முடியாதவர் வாங்க வேண்டாம் என்பது என் கறாரான கணக்கு.

பாகத்துக்கு மூன்று வழி. ஷோரூம் ஒன்று. அடுத்தது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள். பெட்டியில் பி.எம்.டபிள்யூ முத்திரை இல்லாமல், லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ், மாலே என்று அசல் தயாரிப்பாளரின் பெயரிலேயே அங்கே கிடைக்கும். சில லெம்ஃபோர்டர் ஆர்ம்களில் பி.எம்.டபிள்யூ முத்திரையைச் சுரண்டி எடுத்த வடுகூடத் தெரியும். பொருள் அதே, விலை வேறு. மூன்றாவது, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை. கதவு, விளக்கு, கண்ணாடி, சீட், ஸ்டீயரிங் வரைக்கும் அங்கே தைரியமாக வாங்கலாம். பிரேக்கும் ஏர்பேக்கும் வாங்கக் கூடாது. கணினிப் பெட்டி வாங்கினால் அதை உங்கள் காரோடு பேச வைக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் விஷயமே. கையில் ஸ்கேனர் வைத்திருக்கிறவரெல்லாம் மெக்கானிக் இல்லை. கோளாறு எண் காட்டும் சென்சாரை உடனே மாற்றச் சொல்கிறவரை விட்டு ஓடுங்கள். அந்த சென்சார் ஏன் கத்துகிறது என்று மல்ட்டிமீட்டரை எடுக்கிறவரிடம் நில்லுங்கள்.

இந்த விஷயத்தில் நம் வட்டாரத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையை நிறுத்தியபோது வேலை இழந்தவர்களில் சிலர் சொந்தப் பட்டறை வைத்தார்கள். லைனில் டார்க் ரெஞ்ச் பிடித்துப் பழகிய கை, போல்ட்டை ‘இறுக்கமா இருக்கா’ என்று பார்ப்பதோடு விடாது, எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேட்கும். மண்ணிவாக்கத்திலிருந்து படப்பை வரை லேத் பட்டறைகளுக்கும் குறைவில்லை. கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து தருவார்கள். பாகம் கேட்டைத் தாண்டி வெளியே வராத ஊரில், கைத்திறன் மட்டும் ஷிப்ட் முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறது. வண்டியைத் தேடும் முன் இப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் எந்த கம்பெனி வண்டியில் கெட்டிக்காரரோ அதையே வாங்குவது புத்திசாலித்தனம்.

அப்படி யாரும் அகப்படாதவர்களுக்கு என் சிபாரிசு டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு. கௌரவம் கொஞ்சம் குறையும், தூக்கம் நன்றாக வரும். இருங்காட்டுக்கோட்டை சொனாட்டாவை மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம். அகலமான சீட், பெரிய டிக்கி, ஒளிவு மறைவில்லாத இன்ஜின். குறை என்னவென்றால், பாடி பாகங்கள் அரிதாகி வருகின்றன, ஸ்டாண்டர்டு 2000-க்கு நடந்தது அதற்கும் நடக்கிறது.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-லிருந்து 7,897 ரூபாய், அது பெரிய சுமையில்லை. சிக்கல் சொந்த சேதத்தில். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த இழப்பாகக் கணக்கிடுவார்கள். ஐந்து லட்சம் மதிப்புள்ள காரில் முன்பக்கம் இடித்து, இரண்டு ஏர்பேக் வெடித்து, ரேடியேட்டரும் விளக்கும் போனால் அந்தக் கோட்டை எட்டிவிடும். வண்டி நன்றாகத்தான் இருக்கும், கணக்கில் செத்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் போன காரை அதே இன்சூரன்ஸ் ஏலத்தில் திரும்ப எடுத்து, புதுப்பேட்டைக் கதவும் விளக்கும் மாட்டி இன்றும் ஓட்டுகிறார். மனைவிக்குக் கணக்குச் சொல்லவில்லை.

ஒரகடம் சந்திப்பில் பார்த்த அந்த மஞ்சள் விளக்குக்கு மட்டும் புதுப்பேட்டை வரை போக வேண்டாம். 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், பாலிஷ், மேலே யு.வி. கோட்டிங். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேர வேலை. பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கிற ஆள் ஒருவராவது இல்லாத தெரு இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது?